அத்தைக்கான மூன்றாம் பகுதி

ஹாஅபாய், தோங்கா
4 ஆகஸ்ட் 2010

மதிப்பிற்குரிய லூசேயனே அக்காவுக்கு, தம்பி மோசேசேயின் வணக்கம்.

தங்கள் முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததறிந்து நிம்மதியடைந்தோம். தாங்கள் வர இயலாத குறையொன்றைத் தவிர, என் மகள் ஓஃபாவின் திருமணம் இனிதே நடந்தேறியது. வீடியோவை ஒரே மின்னஞ்சலில் அனுப்ப இங்குள்ள இணைப்பு இடம் தராது. ஆகவே ஐந்து பகுதிகளாக வெட்டி எண்ணிட்டுள்ளேன். பணி நேரம் முடிந்ததும், அதிகாரியின் அனுமதியோடு, நில அலுவலகத்திலிருந்து ஒவ்வொன்றாக அனுப்புவேன். எண் வரிசைப்படியே பார்க்க வேண்டுகிறேன்.

பணிவுடன்,
மோசேசே

ஆக்லாந்து
9 ஆகஸ்ட்

தம்பி,

ஓஃபா ஆடினதப் பாத்து அழுதுட்டேன். பாதிரியார் பொண்டாட்டி தட்டு தட்டா சாப்பிட்டதும் தெரிஞ்சுது. ஆனா பொண்ணோட அத்தைக்கு எல்லாருக்கும் மேல இடத்துல பாய் விரிப்பீங்களே, அது எங்க? அத்தைக்கு வரவேண்டிய கேக்கோட மேலடுக்கு யாருக்குப் போச்சு? மூணாவது பகுதி வரவே இல்ல. காட்ட ஒண்ணும் இல்லன்னுதான் அனுப்பலியோ? கூட உக்காந்து பாத்த பக்கத்து வீட்டு சியாலே கேக்குறா: "என்ன லூசேயனே, இது உன் வீட்டுக் கல்யாணம்தானா?"

நாளைக்கு ஓஃபாவுக்குப் பொறக்கப்போற பிள்ளைக்கும் நீங்களே பேர் வெச்சுக்குங்க. பேர் வெக்கிற அத்தைன்னு நான் எதுக்கு?

அக்கா

ஹாஅபாய்
12 ஆகஸ்ட்

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

இங்கு சில நாள்களாக இணைப்பே இல்லை. இன்றுதான் தங்கள் கடிதத்தைக் கண்டேன். அளவு மிகுதியால் மூன்றாம் பகுதி திரும்பிவிட்ட அறிவிப்பும் உடன் வந்தது. பிழை என்னுடையதே. மற்ற நான்கின் தரத்தையும் குறைத்துச் சிறிதாக்கினேன். தங்கள் இடத்தைக் காட்டும் பகுதியை மங்கலாக்குவது முறையாகாது என்று அதை மட்டும் அப்படியே விட்டேன். அதனால்தான் அது போய்ச் சேரவில்லை.

தங்கள் பாய் எல்லாருக்கும் மேலான இடத்தில்தான் விரிக்கப்பட்டது. எவரும் அதில் அமரவில்லை. கேக்கின் மேலடுக்கும் தங்களுக்கென்றே எடுத்து வைக்கப்பட்டுள்ளது. படம் பிடித்தபடி பின்வாங்கிய நான் அதன் ஓரத்தை மிதிக்கப் போனேன். உடனே என் மனைவி அனா, "அக்கா பாய்ல கால வெச்சீங்கன்னா இன்னிக்கு வீட்டுப் பக்கம் வராதீங்க!" என்று சபை நடுவே கத்திவிட்டாள். அதுவும் பதிவாகியுள்ளது.

தரம் குறையாமல் அனுப்ப வழி தேடிக்கொண்டிருக்கிறேன்.

பணிவுடன்,
மோசேசே

ஆக்லாந்து
13 ஆகஸ்ட்

தம்பி,

நீ வழி தேடி முடிக்கிறதுக்குள்ள ஓஃபாவோட பிள்ளை பள்ளிக்கூடம் போயிடும். மங்கலாவே அனுப்பு. என் பாய் எனக்கு அடையாளம் தெரியாதா?

அக்கா

ஹாஅபாய்
16 ஆகஸ்ட்

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

ஆணைப்படி தரத்தைக் குறைத்து இத்துடன் இணைத்துள்ளேன். முகங்கள் தெளிவாக இல்லை, பொறுத்தருள்க.

மோசேசே

ஆக்லாந்து
17 ஆகஸ்ட்

என் தம்பி மோசேசேக்கு,

வந்துருச்சு! ஒரு முகமும் தெரியல. கேக்கு ஏதோ மாதா கோயில் கோபுரம் மாதிரி இருக்கு. ஆனா பாய் இருக்கு, மேல ஆளில்ல. அனா உன்னத் திட்டுறது மட்டும் கணீர்னு கேக்குது. சியாலேயக் கூப்பிட்டு உக்கார வெச்சு, போதும் போதும்னு அவ கெஞ்சுற வரைக்கும் போட்டுக் காட்டுனேன்.

மேலடுக்கு கேக்க யார்கிட்டயாவது குடுத்து விடு. அதையும் அஞ்சா வெட்டி எண் போட்டுறாத.

பிள்ளைக்குப் பேர் யோசிச்சுட்டேன். மெயில்ல சொல்ல மாட்டேன். பாதியில நின்னுபோனா என்ன பண்றது? முழங்கால் சரியாகட்டும், நானே வந்து சொல்றேன். பாய மடிச்சு வெச்சுராதீங்க.

உன் அக்கா,
லூசேயனே