அவருடைய பை

ஐப்பசி 9, புதன் இரவு. சென்னை, மகள் வீடு.

மதுரையிலிருந்து இங்கே விமானத்தில் ஒரு மணி நேரம்தான். மகள் செல்வி எத்தனையோ தடவை கூப்பிட்டும் எங்க வீட்டுக்காரர் வரவில்லை. "என்னைய ஏத்த மாட்டாக. மேலெல்லாம் வெடிமருந்துல்ல" என்று சிரிப்பார். அவர் வேலை பார்த்த வெம்பக்கோட்டைப் பட்டாசு ஆலை வெடித்தபோது பார்க்க முகம்கூட மிஞ்சவில்லை. வேலைத்துணி கொண்டு போகிற பை மட்டும் ஆலை கேட்டுக்கு வெளியே சைக்கிளில் தொங்கியது.

இன்று அந்தப் பையோடுதான் முதன்முதலாக விமானம் ஏறப் போனேன். சோதனையில் அதிகாரி அதை ஒரு துணியால் துடைத்து, துணியை மெஷினில் வைத்தார். மெஷின் அலறியது.

"பையில வெடிமருந்து இருக்கும்மா. யாரோடது?"

"எங்க வீட்டுக்காரரோடது சார்."

"அவர் எங்க?"

மெஷினையே பார்த்தேன்.

சிவகாசிப் பக்கம் என்று தெரிந்து, விசாரித்துவிட்டுப் போகவிட்டார்கள். விமானத்தில் அந்த ஒரு மணி நேரமும் பக்கத்தில் காலியாக இருந்த சீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அவர் இல்லாமல் போய்விடுவாரோ என்று பயமாக இருந்தது.

வந்ததும் செல்வி பையை வாங்கினாள். "அழுக்கா இருக்கும்மா, துவைச்சிரட்டுமா?"

பிடுங்கிக்கொண்டேன். இப்போது தலைமாட்டில் இருக்கிறது. ஊரில் நானே எத்தனை தடவை சோப்புப் போட்டு அலசியிருக்கிறேன், பாவி.