தீரில் வழுக்கை

செப்டம்பர் 4

ஜாடிகளைக் குலுக்கியாயிற்று. கறுப்புக் கல்பாசி, தண்ணீர், நாள்பட்ட சிறுநீர். மூடியைத் திறந்து காற்று விட்டு மறுபடியும் குலுக்க வேண்டும். இந்த நாற்றத்திலிருந்தா நூலுக்கு அந்த ஊதாச் சாயம் வருகிறது என்று எனக்கே இன்னும் ஆச்சரியம்! யாரும் சொல்லித் தரவில்லை, எல்லாம் வீடியோ பார்த்துக் கற்றதுதான்.

அண்ணன் சிந்த்ரே படகு வேலை முடிந்து வந்ததும் மூக்கைப் பிடித்தான். "ஜாடிக்குச் சரக்கு குடுக்கிறது நான், பேர் மட்டும் 'தீரில்'னு உன்னோடதா? நூல் சீட்டுல என் பேரையும் போடுடி."

சீட்டில் இரண்டே வரி, என் கையெழுத்தில்: "புயல் உதிர்த்த கல்பாசி மட்டும். பாறையில் கை வைக்கவில்லை." நூலை விட எனக்கு அதுதான் பெருமை.

செப்டம்பர் 11

ஐயோ ஐயோ ஐயோ. யோருன் தன் பின்னல் வீடியோவில் என் நூலைக் காட்டினாள்! பள்ளிக்கூட நாளிலிருந்து அவள் வீடியோ ஒன்றைக்கூட நான் பார்க்காமல் விட்டதில்லை. அவள் ஊசி பிடிக்கிற மாதிரியே பிடிக்கப் பழகியவள் நான். அவ கழுத்துல என் ஊதா! "பாறையில் கை வைக்காத ஊதா"னு சொன்னா. என் வரி, அவ வாயால. நான் கத்தியதில் கீழ்வீட்டு நாய் குரைத்தது.

செப்டம்பர் 12

ஆர்டர் நிற்கவே இல்லை. கிறிஸ்துமஸுக்குள் அனுப்புவேன் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

செப்டம்பர் 19

புயலே இல்லை. வெயில். தீவே சட்டையைக் கழற்றிவிட்டுத் திரிகிறது. பாறையடியில் ஒரு பிடி கல்பாசிகூடக் கிடைக்கவில்லை.

செப்டம்பர் 23

மழை. காற்றில்லாத மழை. ஊறினால் கல்பாசி மெத்தென்று ஆகிவிடும், சுலபமாகப் பிரியும். வடக்கு முனைக்குப் போனேன். கோட்டுப் பையில் சீஸ் சீவி. அதை எதற்கு எடுத்துப் போனேன் என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை.

பழுப்புச் சீஸ் சீவுவது போலவே வந்தது. கொஞ்சம்தான் என்று ஆரம்பித்தேன். நிறுத்தும்போது என் முன்னால் பாறை வெளிறிக் கிடந்தது, ஒரு அறை அகலத்துக்கு.

அது திரும்ப வளர என் ஆயுசு போதாது. அதை என் கடை வீடியோவில சொன்னதே நான்தானே.

செப்டம்பர் 24

ஜாடிகள் நிறைந்துவிட்டன. சீட்டு எழுத உட்கார்ந்தேன். எழுதவில்லை.

அக்டோபர் 8

"வடக்கு முனையைப் பாத்தியா? படகுலேருந்தே தெரியுது. வழுக்கை விழுந்த மாதிரி இருக்கு," என்றான் சிந்த்ரே. நான் சிரித்தேன். சிரித்தேனா?

தீவுக் குழுவில் யாரோ படம் போட்டிருக்கிறார்கள். கீழே எல்லோரும் ஒரே பேச்சு: ஹால்டிஸின் ஆடுகள்தான் தின்றிருக்கும். முனையில் மேய்வது அவருடைய செம்மறிகள் மட்டும். என் நூலும் அந்த ஆடுகளின் கம்பளிதான்.

அக்டோபர் 15

ஹால்டிஸ் கம்பளி மூட்டையோடு வந்தார். வழக்கம் போல உள்ளே வந்து காபி.

"அப்படி வழிச்சுத் திங்கணும்னா என் ஆட்டுக்கு வாயில பல்லு இல்ல, சவரக்கத்தி இருக்கணும்," என்று சிரித்தார். பிறகு கோப்பையைக் கீழே வைத்தார். "அடுத்த வியாழக்கிழமை கூட்டம் போடுறாங்க. முனைக்கு வேலி போட்டுருவாங்களாம். குளிர்காலம் பூரா அதுங்களுக்கு வேற மேய்ச்சல் ஏதும்மா? பாதியைக் கறிக்குத்தான் அனுப்பணும்."

நான் அவர் தட்டில் இன்னொரு வாஃபிள் வைத்தேன். வாஃபிள்! வாயத் தொறக்கத் துப்பில்ல, வாஃபிள் வைக்கத் தெரியுது.

அக்டோபர் 18

சிந்த்ரே ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சீஸ் சீவியைத் தேடினான். கடைசியில் என் மழைக்கோட்டுப் பையிலிருந்து எடுத்தான். விளிம்பு வளைந்து, இடுக்கெல்லாம் கறுப்பு. அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"சிந்த்ரே, ஆர்டர் அவ்வளவு —"

"ஆடு தின்னுச்சுனு படகுல வர்றவங்ககிட்டல்லாம் சொல்லிட்டிருக்கேன்டி. நானு."

வெண்ணெய் மட்டும் தடவித் தின்றான்.

அக்டோபர் 21

நாளை கூட்டம். சொன்னா யோருனுக்குத் தெரியும். சொல்லலன்னா ஆடு போயிரும். ஆட்டையும் யோருனையும் ஒரே தராசுல வச்சுப் பாக்குற ஆளா நான்? ஆமா. நேத்துலேருந்து அதான் பண்றேன்.

அக்டோபர் 22

காலையிலேயே போட்டேன். "ஆடு இல்லை. நான்தான். சீஸ் சீவியால்." தீவுக் குழுவிலும் என் இணையக் கடைப் பக்கத்திலும். ஃபோனைக் குளியலறையில் வைத்துக் கதவைச் சாத்தினேன்.

அக்டோபர் 25

வேலி இல்லை. ஆர்டர்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருக்கின்றன. யோருன் அந்த வீடியோவை எடுத்துவிட்டாள். எனக்கு ஒரு வார்த்தை எழுதவில்லை. திட்டியாவது இருக்கலாம்.

ஹால்டிஸ் தரவேண்டிய மீதிக் கம்பளி வாசலில் கிடந்தது. மணியடிக்காமலே போயிருக்கிறார்.

டிசம்பர் 6

ஊதா வந்துவிட்டது. அழகாக வந்திருக்கிறது, அதுதான் தாங்கவில்லை. புதுச் சீட்டு: "பாறையிலிருந்து சுரண்டியது." அதைப் படித்தும் சிலர் வாங்கினார்கள். மீதி அலமாரியில். இனி நூல் ஆட்டின் நிறத்திலேயே போகும்.

மார்ச் 14

மணி அடித்தது. ஹால்டிஸ். கையில் செய்தித்தாளில் சுற்றிய காட் மீன்.

"இந்தா. உன் வழுக்கை உபயம்."

நான் முழித்தேன். கடலில் மீன் கிடைக்கும் இடத்தைக் கரையில் இரண்டு அடையாளத்தை நேர்கோட்டில் வைத்துத்தான் இங்கே நினைவு வைத்துக்கொள்வார்கள்.

"சர்ச் கோபுரத்தையும் தீரில் வழுக்கையையும் நேரா வச்சா, அங்க நல்லாப் படுது. இப்ப எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. என் பேரன் பேத்திங்களும் அப்படித்தான் சொல்லும். பாறை அதுக்குள்ள மறுபடி கறுக்காது பாரு."

கேலியா, கோபமா, தெரியவில்லை. அவர் ஏற்கெனவே பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். "காபி இருக்கா இல்லையாடி?"

இருந்தது. ரொட்டி எடுத்து வைத்தேன். பழுப்புச் சீஸ் கட்டியையும், சிந்த்ரே வாங்கிவந்த புதுச் சீவியையும் எடுத்தேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெல்லிசாப் போதும்," என்றார். "அடி வரைக்கும் போகாத."