நாற்றம் நின்றபோது

அன்பு நோரீன்,

நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? அம்மாவின் முழங்கால் எப்படி? நான் சுகம்.

செவ்வாயன்று கழிமுகத்தில் கடல் ஏறி, ஊர்க் கழிவுநீர்த் தொட்டியின் மோட்டாரைப் பாசி அடைத்துவிட்டது. அதை எடுக்கத் தொட்டிக்குள் இறங்கினேன். அழுகிய முட்டை நாற்றம் பாதி ஏணியில் சட்டென்று நின்றது. "அப்பாடா, நாத்தம் போயிடுச்சு!" என்று சிரித்தேன். மேலே நின்ற, என்னோடு வேலை செய்யும் டிம்ப்னா என் இடுப்புக் கயிற்றை வெறிபிடித்தவள் போல் இழுத்தாள்.

"ஏறுடா கழுதை! விஷவாயு! போனது நாத்தம் இல்ல, உன் மூக்கு!"

மற்றபடி ஒன்றுமில்லை. அம்மாவிடம் சொல்லாதே.

நீ அனுப்பிய ஸ்வெட்டர் வந்தது. நம் அடுப்புப் புகை வாசனைக்காகத் தினமும் முகத்தில் அழுத்திப் பார்க்கிறேன்; ஒரு வாசனையும் இல்லை. வேலைக்கு நேரமாயிற்று. இந்தமுறை அதை அடுப்பருகில் காயவைக்க மறந்துவிட்டதாக உடனே எழுது.

உன்
டெக்லன்