தொட்டதும் கையெழுத்து

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மாவின் மாத்திரை தீர்வதற்குள் வாங்கிவிடுங்கள்.

ஒரு சின்ன விஷயம், பதற வேண்டாம். போன வாரம் சலவைக்கூடத்தில் ஆஸ்பத்திரிப் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தபோது போனில் ஒரு படிவம் வந்தது. தினமும் வரும் வருகைப் பதிவுதான் என்று நினைத்து, படிக்காமலே 'சம்மதம்' என்ற இடத்தைத் தொட்டுவிட்டேன். பார்த்தால், இன்னும் இரண்டு வருட வேலை ஒப்பந்தம்!

மேலாளரிடம் ஓடினேன். "நான் கையெழுத்தே போடலையே சார்!"

"தொட்டீங்கல்ல? இந்த நாட்டுச் சட்டப்படி அதுவும் கையெழுத்துதாம்மா."

சரி, நம் வீட்டுப் பாகப் பத்திரத்துக்கும் இப்படியே தொட்டு அனுப்பலாமா என்று நம் வக்கீலைப் போனில் கேட்டேன். "அதெல்லாம் செல்லாதும்மா. வீடு, நிலம்னா நம்ம சட்டத்துல நேர்ல வந்து பேனாவாலதான் போடணும்" என்றார். அதையே எழுதி வாங்கி மேலாளரிடம் காட்டினேன். ஊருக்கு வர பத்து நாள் விடுப்பு கிடைத்துவிட்டது!

என் பழைய கையெழுத்துள்ள தாள் ஏதாவது இருந்தால் படமெடுத்து அனுப்புங்கள். பேனாவால் கையெழுத்துப் போட்டு மூன்று வருடமாகிறது, எப்படிப் போடுவேன் என்பதே மறந்துவிட்டது. உங்களுக்கும் 'மகள்' என்றுதானே எழுதி முடிக்கிறேன்.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன். ஒன்று மட்டும்: "இல்லேன்னா சித்தப்பாவுக்கு அதிகாரம் எழுதிக் கொடுத்துடு, நீ வரவே வேண்டாம்" என்றும் வக்கீல் சொன்னார். அது என் காதில் விழவில்லை. உங்கள் காதிலும் விழ வேண்டாம், அப்பா.

உங்கள் மகள்