பிக்கப் வண்டியில் பேச்சுப் பயிற்சி

2020 ஏப்ரல் 4, சனி
இன்று பண்ணையில் இரண்டு கன்றுகள் பிறந்தன. இரண்டும் நலம்.
கொரோனாவால் பில்லிங்ஸ் நகர மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சியை நிறுத்திவிட்டார்கள். போக நூற்றைம்பது மைல், வர நூற்றைம்பது. அலைச்சல் மிச்சம் என்று சந்தோஷப்படவா? ஜனவரியில் பக்கவாதம் வந்ததிலிருந்து என் மனைவி ஆர்டிஸிடம் மிஞ்சியிருப்பது ஒரே சொல், "வேணாம்." காப்பி வேண்டுமென்றாலும் அதுதான்.

ஏப்ரல் 9
பயிற்சி தரும் மெரிடித்தைத் தொலைபேசியில் பிடித்தேன். கணினியில் முகம் பார்த்துச் சொல்லித்தர முடியாதா என்று கேட்டேன்.
"முடியும் லோவல். ஆனா டாக்டர் அப்படிப் பாத்தாதான் அரசாங்கத்தோட மெடிகேர் காப்பீடு பணம் தர ஒத்துக்குது. எங்கள மாதிரி பயிற்சி தர்றவங்கள இன்னும் சேக்கல. எழுதிக் கேட்டுக்கிட்டேதான் இருக்கோம்."
நாற்பத்தாறு வருஷம் என்னைப் பேசவே விடாதவள் ஆர்டிஸ். இப்போது அவளுக்கு வேண்டியது டாக்டரா?

ஏப்ரல் 17
நானே கற்றுத்தரப் பார்த்தேன். கரண்டியைக் காட்டி, "சொல்லு... சொல்லேன்டி!" என்று கத்திவிட்டேன். ஏன் கத்தினேன்? அவள் கரண்டியை வாங்கிக் கீழே வைத்தாள். என் கையைத் தடவிக்கொடுத்தாள். அவள் எனக்கு ஆறுதல் — சே.

ஏப்ரல் 26
இன்று "வேணாம்" கூட இல்லை.

மே 1
மெரிடித் அழைத்தாள். "லோவல், எங்களையும் சேத்துட்டாங்க! நேத்துதான் அறிவிச்சாங்க. புதன்கிழமையே ஆரம்பிக்கலாமா?" பேசி முடித்துத் திரும்பினால் அடுப்பில் முட்டை கரி. ஆர்டிஸ் அதைப் பார்த்துச் சிரித்தாள்.

மே 6
வீட்டில் இணையம் எடுக்கவில்லை. ஊர் நூலகம் பூட்டியிருந்தாலும் அதன் வை-ஃபை வாசல்வரை வருகிறது. அங்கே பிக்கப்பை நிறுத்தி, கணினியை டாஷ்போர்டில் சாய்த்து வைத்தேன். மெரிடித்தின் முகம் தெரிந்ததும் ஆர்டிஸ் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள்.

ஜூன் 10
மெரிடித் படம் காட்டிக் கேட்டாள். ஆர்டிஸ் திணறினாள். பொறுக்கமுடியாமல் "குதிரை" என்றேன். அடுத்த படத்துக்கும் நானே. மூன்றாவதற்கு நான் மூச்சு இழுத்ததும் ஆர்டிஸ் என் பக்கம் திரும்பினாள்.
"லோவல்... வாய... மூடு."
மெரிடித் கைதட்டினாள். நான் ஸ்டியரிங்கில் முகம் புதைத்து அழுதேன். ஐந்து மாதத்துக்குப் பிறகு என் பெயர்.

ஜூலை 1
"இன்னிக்கு நீங்க வெளிய நில்லுங்க" என்று மெரிடித் உத்தரவு. மரத்தடியில் நின்று வண்டிக் கண்ணாடி வழியே பார்த்தேன். ஆர்டிஸ் மெதுவாக ஏதோ சொன்னாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.
திரும்பும் வழியில் கேட்டேன். "என்னடி சொன்ன?"
வெகுதூரம் போகும்வரை சொல்லைத் தேடினாள்.
"அது... எங்களுக்குள்ள."
அதற்குமேல் நான் கேட்கவில்லை.