நடுவில் கிடந்த சீட்டு

பேசாலை,
வெள்ளிக்கிழமை.

மதுஷிகாவின் அப்பாவுக்கு, மாக்கிறட் எழுதிக்கொள்வது.

மாதாவின் புண்ணியத்தில் நானும் மகளும் சுகமாக இருக்கிறோம். உங்கள் முதுகு வலி இப்போது எப்படி? போனில் கேட்டால் சுகம் என்றுதான் சொல்வீர்கள். ஆனால் போன கிழமை வீடியோவில் கதைத்துவிட்டுக் கதிரையில் இருந்து எழும்பும்போது நீங்கள் முகம் சுளித்ததை நான் கண்டேன்.

இதைப் போனிலும் சொல்லலாம்தான். ஆனால் நான் பாதி சொல்லும்போதே கோபத்தில் வைத்துவிடுவீர்கள், பிறகு நான் எடுத்தாலும் பேசமாட்டீர்கள். கடிதத்தோடு அப்படிக் கோபிக்க முடியாது. மகளோடு படித்த ஷப்னாவின் அண்ணன் சனூன் திங்கட்கிழமை கட்டாருக்குத் திரும்புகிறார். அவர் கையில் இதையும் கொஞ்சம் கட்டாக் கருவாட்டையும் கொடுத்துவிடுகிறேன். முதலில் கருவாட்டைப் பொரித்து வயிறாறச் சாப்பிட்டுவிட்டு மிச்சத்தை வாசியுங்கள்.

விஷயம் இதுதான். மகளை அந்தக் கடற்கரைக் கல்லூரிக்கு அனுப்பக்கூடாது. ஓம், மாதாவுக்கு முன்னால் சீட்டில் விழுந்த அதே கல்லூரிதான்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இரண்டாம் முறையும் மருத்துவத்துக்கான வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றுபோய் மகள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தபோது, பிலிப்பைன்சில் மருத்துவம் படிக்கலாம் என்று வழி சொன்னவர் மன்னார்க் கந்தோரில் இருக்கும் முகவர் இன்பாஸ். மூன்று கல்லூரிகளின் புத்தகங்களைத் தந்தார். அதுவும் நம்மைப்போல வேதக்காரர் நாடு, தெருவுக்குத் தெரு கோவில் என்றதும் நான் பாதி சம்மதித்துவிட்டேன். மூன்றில் எது என்றுதான் மூன்று பேரும் சண்டை பிடித்தோம். கடைசியில் சீட்டுப் போடச் சொன்னது நீங்கள். சுரூபத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தி மூன்று சீட்டையும் தட்டில் வைத்து வீடியோவில் காட்டினேன். நீங்கள் அங்கே உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று, “நடுவில கிடக்கிறதை எடு” என்று சொன்னீர்கள். சொன்ன கையோடு நெட் நின்று, கண்ணை மூடிக்கொண்டிருந்த உங்கள் முகம் அப்படியே திரையில் நின்றது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அந்தக் கல்லூரி விழுந்ததில் என்னைவிடச் சந்தோஷப்பட்டவர் இல்லை. புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே வெள்ளைக் கோவில், அதன் படியில் வெள்ளைக் கோட்டுப் போட்ட பிள்ளைகள். பூசைக்குப் போன இடத்தில் எல்லாம் அந்தப் படத்தைக் காட்டித் திரிந்தேன்.

போன மாதம் ஷப்னா வந்தாள். அவளுக்கு யாழ்ப்பாணத்தில் மருத்துவம் கிடைத்துவிட்டது என்று உங்களுக்குத் தெரியும். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்தக் கல்லூரி நம்முடைய மருத்துவ சபையின் பட்டியலில் இருக்கிறதா என்று மகளிடம் கேட்டாள். இரண்டு பேரும் போனில் தேடினார்கள். இல்லை. மற்ற இரண்டும் இருந்தன, இது மட்டும் இல்லை.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. மாதா காட்டியதில் பிழை பிடிக்க வந்துவிட்டாள் என்று மனதுக்குள் திட்டினேன். அந்தப் பிள்ளைக்குத் தேத்தண்ணிகூட ஆறிப்போனதைத்தான் கொடுத்தேன். அவள் அதையும் குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனாள்.

இன்பாஸிடம் கேட்டோம். அடுத்த வருடம் பட்டியலில் வந்துவிடும், பயப்பட வேண்டாம் என்றார். அதை எழுதித் தருவீர்களா என்று மகள் கேட்டாள். அவர் மின்விசிறியை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு வெக்கையைப் பற்றிப் பேசத் தொடங்கினார். சரி என்று இரவு பஸ் எடுத்துக் கொழும்புக்கே போய் மருத்துவ சபையில் கேட்டோம். பட்டியலில் இல்லாத கல்லூரியில் படித்தால், திரும்பி வந்து இங்கே வைத்தியராகப் பதிவதற்கான பரீட்சையையே எழுத முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அத்தனை வருடமும் படித்துவிட்டு வந்து நம்முடைய பிள்ளை வீட்டில் குந்தியிருக்க வேண்டும்.

வீடு வந்த பிறகும் நான் விடவில்லை. மாதா தந்ததை மாதா பார்த்துக்கொள்வார், சீட்டை மீறினால் குடும்பத்துக்கு ஆகாது என்று சாதித்தேன். மகள் வாய் காட்டவில்லை. பக்கத்தில் வந்து இருந்து, ஆறுதலாகச் சொன்னாள்:

“அம்மா, கரைவலை இழுக்கிற பாடுகளுக்குச் சீட்டுப் போடேக்க, கல்லுக் கிடக்கிற இடத்தையும் சேத்தா போடுறவை? வலை வளைக்கக்கூடிய இடமா எண்டு முதல் பாத்துத்தானே சீட்டில எழுதுறவை. நாங்கள் பாக்காமல் எழுதிப் போட்டம். இதில மாதாவில என்ன பிழை?”

நீங்கள் எத்தனை வருடம் அந்தச் சீட்டுக்கு நின்றீர்கள். எந்த இடம் எவருக்கு என்று சீட்டுத்தான் சொல்லும், அதற்கு மேல் ஒருவரும் கதைப்பதில்லை. ஆனால் வலை கிழியும் இடத்தை எவராவது எழுதிப் போட்டால் நீங்கள் சும்மா விட்டிருப்பீர்களா? அடுத்த நாள் வெற்றி மாதா கோவிலுக்குப் போய், நாங்கள் பார்க்காமல் எழுதிவிட்டோம், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். பாரம் இறங்கினது உண்மை.

மிச்சம் இரண்டுக்கும் புதிதாகச் சீட்டு எழுதக் கடதாசி எடுத்தேன். மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். இனிச் சீட்டு வேண்டாம், தானே தெரிந்தெடுப்பதாகச் சொன்னாள். பிலிப்பைன்சில் மூன்றாம் வருடம் படிக்கும் மட்டக்களப்புப் பிள்ளை ஒருத்தியுடன் கதைத்து, எல்லாவற்றையும் தோண்டித் துருவிக் கேட்டிருக்கிறாள். மிச்ச இரண்டில் மகள் எடுத்தது நகரத்துக்குள் இருக்கும் கல்லூரி. கட்டடத்தைப் பார்த்தால் நம்முடைய சங்கக்கடைபோல இருக்கிறது. கோவிலும் படத்தில் இல்லை. ஆனால் அரசாங்கப் பெரியாஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது. தீவுகளில் இருந்து மீன்பிடிக்கிற சனம் படகேறி அங்கேதான் மருந்துக்கு வருகிறதாம். அந்தச் சனத்தின் பாஷை தெரியாமல் ஒன்றும் செய்ய முடியாதாம். மகள் இப்போதே தொடங்கிவிட்டாள். மீன் வெட்டிக்கொண்டிருக்கும் என்னிடம் வந்து, எங்கே நோகிறது, எத்தனை நாளாக நோகிறது என்று அந்தப் பாஷையில் கேட்கிறாள். எனக்கு நோகாத இடமெல்லாம் நோகத் தொடங்கிவிட்டது. இரண்டு வருடத்துக்குப் பிறகு வீட்டில் அவள் சிரித்துச் சத்தம் கேட்கிறது.

மாத முடிவுக்குள் கல்லூரிக்குப் பதில் அனுப்ப வேண்டும். நீங்கள் சம்மதிக்காமல் அனுப்பமாட்டேன் என்று நிற்கிறாள். மெலிந்துபோனாள், அதையும் சொல்ல வேண்டும். கடிதம் கிடைத்த அன்றே அவளைக் கூப்பிட்டு, உன்னுடைய விருப்பம்தான் எங்களுடைய விருப்பமும் என்று சொல்லுங்கள். என்னிடம் சொல்லி அனுப்ப வேண்டாம், அவளிடமே சொல்லுங்கள்.

உங்களுக்கு இது ஏன் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நீங்கள் கட்டாருக்குப் போனதும் சீட்டில் விழுந்துதான். போவதா, இங்கேயே கடலுக்குப் போவதா என்று இரண்டு சீட்டுப் போட்டோம். அதை நம்பித்தான் அந்த வெயிலில் இத்தனை காலம் நிற்கிறீர்கள். இந்தச் சீட்டு நிற்காது என்றால் அன்றைய சீட்டு என்ன என்று உங்கள் மனம் கேட்கும். என் மனமும் கேட்டது. எனக்குப் பதில் தெரியாது. ஆனால் நீங்கள் அங்கே நின்றதால்தான் இவள் இவ்வளவு தூரம் படித்தாள். அது எந்தச் சீட்டும் செய்த வேலை இல்லை, உங்கள் உடம்பு செய்த வேலை.

மகள் படித்து முடிக்கும்வரை நீங்கள் அங்கே நிற்கத்தான் வேண்டும். ஆனாலும் சீட்டு விழுந்தது என்பதற்காக இனி நிற்க வேண்டாம், அவளுக்காக நில்லுங்கள். அவள் முடித்த அன்று ஒருவரையும் கேட்காமல், மாதாவையும் கேட்காமல், பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.

அதுவரை ஆண்டவர் உங்களை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும்.

உங்கள்,
மாக்கிறட்