வக்கீல் உள்ளே வரக்கூடாது

நவ. 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். கோர்ட் வாசலில் சேறு. வெள்ளைச் சேலையின் ஓரம் போச்சு.

இன்றைய வேலைகள்:
ஜீவனாம்ச வழக்கில் வாய்தா. (வாங்கியாச்சு.)
கேஸ் சிலிண்டர். (மறந்தாச்சு.)
ஜரீனாவுக்கு ஒத்திகை.

ஜரீனா காரிமங்கலத்திலிருந்து பஸ் பிடித்து நாலு மணிக்கு வந்தாள். இங்கே தருமபுரியில் ஒரு ஜவுளிக்கடை, சேலைப் பிரிவு, ஒன்பது வருடம். ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் கால் வீங்கிப்போய், காலி அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்தாள். கேமராவில் பார்த்துவிட்டார்கள். அன்று சாயங்காலமே "நாளைலருந்து வர வேணாம்." கடிதம்கூடக் கிடையாது. பில் போடும் ஆண்கள் மூவருக்கும் சுழல் நாற்காலி. சேலைப் பிரிவில் பதினோரு பெண்கள், ஒரு ஸ்டூல் இல்லை. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று நம் மாநிலத்தில் சட்டமே இருக்கிறது.

கேட்பது: திரும்ப வேலை, வீட்டில் உட்கார வைத்த நாட்களின் சம்பளத்தோடு.

புதன்கிழமை தொழிலாளர் அலுவலர் முன் சமரசப் பேச்சு. அங்கே வக்கீல் உள்ளே வரக்கூடாது, சட்டம் அப்படி. சங்கத்து ஆள் போகலாம், கூட வேலை செய்கிறவர் போகலாம். கடையில் சங்கம் இல்லை. கூட வேலை செய்கிறவர்களுக்குப் பயம். ஆக, தனியாகத்தான்.

சாட்சி சொல்ல வருகிற எல்லோருக்கும் சொல்வதையே இவளுக்கும் சொன்னேன். கேட்டதற்கு மட்டும் பதில். ஒரு வார்த்தை கூடுதலாக வேண்டாம்.

"அதிகமா பேசுனாத்தான் கேஸ் கெடும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க மேடம்."

மூன்று முறை ஒத்திகை. சொன்னதை உடனே பிடித்துக்கொள்கிறாள். எனக்குத் திருப்தி.

நவ. 5, புதன்

மழை இல்லை. புழுக்கம்.

தொழிலாளர் அலுவலக வராந்தாவில் ஒரே ஒரு பெஞ்ச். கடையின் வக்கீலும் அதில்தான். அவருக்கும் உள்ளே இடமில்லை, மேனேஜர் மட்டும் போனார். வருடக்கணக்காக எதிரெதிரே நின்று கத்திய இரண்டு பேர் ஒரே பெஞ்சில் வேர்க்கடலை தின்றோம். மருமகன் பெங்களூரில் வீடு வாங்கிய கதையைச் சொன்னார். ரொம்ப நீளம்.

கதவு பாதி சாத்தியிருந்தது. மேனேஜர் குரல் கேட்டது. ஜரீனா குரல் கேட்கவே இல்லை. சொன்னபடி நடந்துகொள்கிறாள் என்று சந்தோஷப்பட்டேன். மடச்சி.

பத்தே நிமிடம். வெளியே வந்துவிட்டாள்.

"என்னம்மா கேட்டாங்க?"

"கஸ்டமர் முன்னாடி உக்காந்தியான்னாருங்க. ஆமான்னேன்."

"அப்புறம்?"

"பர்மிஷன் கேட்டியான்னாருங்க. இல்லைன்னேன்."

"கால் வீங்குனது, சேர் இல்லாதது, அதெல்லாம் சொன்னியா?"

"அதை யாரும் கேக்கலீங்களே மேடம்."

கடை வக்கீல் கடலைத் தோலை ஊதிக்கொண்டே வேறு பக்கம் பார்த்தார். சிரிப்பை அடக்கியிருப்பார். அடுத்த பேச்சு 19ஆம் தேதி.

நவ. 6, வியாழன்

நேற்றைய பேச்சைப் பற்றி அலுவலர் எழுதிய குறிப்பின் நகல் கைக்கு வந்தது. "மனுதாரர் அனுமதியின்றி வாடிக்கையாளர் முன்னிலையில் அமர்ந்ததை ஒப்புக்கொண்டார்." அவ்வளவுதான். கீழே அவள் கையெழுத்து.

தப்பு என்னுடையது. கோர்ட்டில் அவள் சொல்லாமல் விட்டதை நான் கேள்வி கேட்டு வெளியே கொண்டுவருவேன். அந்த அறையில் யார் கொண்டுவருவது? கூண்டுக்கான பாடத்தை அங்கே கொடுத்து அனுப்பியிருக்கிறேன். இருபத்திரண்டு வருட அனுபவமாம்.

குமாஸ்தா முனியப்பன் நகலை ஃபைலில் கோத்துக்கொண்டே: "அந்தம்மா வாயத் தெறந்திருந்தாலே பாதி ஜெயிச்சிருப்பாங்க. நீங்கதானங்க மூடி அனுப்புனீங்க." இந்த மனிதர் ஒருநாளாவது சும்மா இருக்க மாட்டார். கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது.

ஜரீனாவுக்கு ஃபோன். என் தப்புதான் என்று சொன்னேன். "பரவால்லீங்க மேடம்" என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நவ. 10, திங்கள்

பல் டாக்டர். கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டுமாம். யோசித்துச் சொல்கிறேன் என்று ஓடிவந்துவிட்டேன். சிலிண்டர் வந்தது.

மாலையில் ஜரீனா. ஒத்திகை கிடையாது. அந்தக் கடையில் ஒருநாள் எப்படிப் போகும், அதைச் சொல் என்றேன். ஒரு மணி நேரம் பேசினாள்.

பாத்ரூம் போனால் மேனேஜர் வாட்சைப் பார்ப்பாராம். நிறைமாதம் வரை நின்றே வேலை பார்த்தாளாம் ஒரு பெண். கேமராவில் படாத இடம் கடையிலேயே ஒன்றுதான், பட்டுச் சேலை அலமாரிக்குப் பின்னால் உள்ள தூண். அதில் முதுகைச் சாய்த்துக்கொள்வார்களாம். ஆளுக்கு இரண்டு நிமிடம், முறை வைத்து. "தூணுக்குப் போயிட்டு வந்தர்றேன்" என்றால் மற்றவள் கவுன்டரைப் பார்த்துக்கொள்வாளாம்.

என் மனு பதினாலு பக்கம். அதில் அந்தத் தூண் இல்லை. ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்க வாய் வரை வந்தது. நான் எப்போது கேட்டேன்?

வேறு இரண்டு கடைகளில் வேலைக்குப் போய்ப் பார்த்திருக்கிறாள். "அந்தக் கடைல உக்காந்த பொம்பளதானேங்கறாங்க மேடம். யாரும் சேத்துக்க மாட்டேங்கறாங்க." இவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. கணவருக்குத் தையல் வேலை, வந்தால் உண்டு.

"பத்தொம்பதாந்தேதி அவங்க கேட்டாலும் கேக்காட்டியும் இதெல்லாம் சொல்லு."

"அதிகமா பேசலாங்களா?"

"பேசு."

நவ. 18, செவ்வாய்

குளிர். மதியம் வரை வெயிலே இல்லை.

சமரசம் முறிந்தால் சேலம் தொழிலாளர் நீதிமன்றம். அதற்கான மனு தயார். தூணையும் சேர்த்தாச்சு. வேலையும் சம்பளமும் இரண்டும் கிடைக்கும், எனக்குச் சந்தேகமில்லை. மூன்று நாலு வருடம் இழுக்கும். இழுக்கட்டும்.

நவ. 19, புதன்

அதே பெஞ்ச், அதே வக்கீல். இன்று முறுக்கு.

இந்தத் தடவை ஜரீனா குரல் வராந்தா வரை வந்தது. முதலில் மெதுவாக. பிறகு நல்ல சத்தமாக.

"பொய்யின்னா வந்து தூணப் பாருங்க சார். பதினோரு பேரு முதுகு தேஞ்சு பெயின்டே போயிருக்குது."

பக்கத்தில் முறுக்குக் கடிக்கும் சத்தம் நின்றது. பிறகு அலுவலர், "என்னங்க மேனேஜர், நானே கடைக்கு வந்து பாக்கட்டுமா?" என்றார். மேனேஜர் ஃபோனோடு வெளியே ஓடிவந்து, முதலாளியிடம் கிசுகிசுத்துவிட்டு, திரும்ப உள்ளே போனார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கதவு வரை போய் நின்றேன். பியூன் முறைத்தார். திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

ஐம்பது நிமிடம். கையில் தாளோடு வந்தாள். ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது!

வாங்கிப் படித்தேன். திரும்ப வேலை, பழைய சர்வீஸோடு. சேலைப் பிரிவுக்குப் பதினோரு ஸ்டூல், வெள்ளிக்கிழமைக்குள். வேலையில்லாமல் இருந்த நாட்களின் சம்பளத்தை மனுதாரர் கோரவில்லை.

"கையெழுத்து போடறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா?"

"நீங்க உள்ள வரக்கூடாதுன்னாங்களே மேடம்."

"சம்பளத்த ஏன் விட்ட?"

"வேல தர்றேன், கூட சம்பளம் வேணுமா ஸ்டூலு வேணுமா, ஒன்னுதான்னாருங்க மேனேஜரு."

"ஸ்டூலு சட்டத்துலயே இருக்குது ஜரீனா! ஏற்கெனவே உன்னோடது. அதுக்குப் போயி சம்பளத்த விட்டுட்டியே!"

"சட்டத்துல இருக்குதுங்க மேடம். கடைல இல்லீங்களே."

ஆத்திரமாக இருந்தது. அழுகையும் வந்தது. கடை வக்கீல் எழுந்து, மிச்ச முறுக்குப் பொட்டலத்தை அவளிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டாள்.

சேலம் மனுவை முனியப்பன் எங்கே வைப்பது என்று கேட்டார். எங்காவது வையுங்கள் என்றேன்.

நவ. 22, சனி

பல் வலி. இடது கன்னம் வீக்கம். ஆனாலும் கடைக்குப் போனேன், சேலை வாங்குகிற சாக்கில்.

நீல பிளாஸ்டிக் ஸ்டூல். எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. பாதிப் பெண்கள் அதன் பக்கத்தில் நின்றுகொண்டுதான் இருந்தார்கள், யாரோ விருந்தாளிக்குப் போட்டது மாதிரி. ஒரு பெண் அதன் மேல் பில் புத்தகத்தை வைத்திருந்தாள். ஜரீனா உட்கார்ந்து சேலை மடித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். வெங்காயக் கலர், மாம்பழக் கலர் என்று இரண்டு எடுத்துப் போட்டாள்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம். முதலாளி இறங்கி வந்தார். நின்றிருந்தவர்கள் இன்னும் விறைத்து நின்றார்கள். நான் சட்டென்று எழுந்துவிட்டேன். யாராவது பெரிய ஆள் உள்ளே வந்தால் எழுந்து நிற்பது கோர்ட்டில் ஊறிப்போன பழக்கம்.

ஜரீனா எழவில்லை. உட்கார்ந்தபடியே மூன்றாவது சேலையைப் பிரித்துப் போட்டு, "உக்காருங்க மேடம்" என்றாள்.